இரண்டு இஸ்மாயில்கள்

திங்கள் சிந்தனை



அல்சூரில் வாழும் அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் விடுத்துள்ளார். “மேற்காசிய நாடுகளைப் பற்றிய செய்திகளை நாள்தோறும் படிக்கிறேன். அங்கே எண்ணெய்ச் செல்வம் இருக்கிறது, வானளாவிய மாளிகைகள் இருக்கின்றன, பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. ஆயினும் அமைதியான அரசியல் ஒழுங்கு மட்டும் பல நாடுகளில் நிலைக்கக் காணோம். இஸ்லாம் புதுமை வாழ்வோடு பொருந்தாத சமயம் என்பதுதானே இதற்குக் காரணம்?” என்பது அவருடைய வினா. இரவு உணவின்போது தம் மகன் இவ்வாறு கேட்டான் என்றும், நாற்பதாண்டுகளாக அடுத்த வீட்டில் பழகிவரும் முஸ்லிம் பெரியவரிடம் இதைப் பேசக் கூச்சமாக இருப்பதால் நமக்கு எழுதுவதாகவும் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

கேள்வி நேர்மையானது, ஆதலின் விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். “அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்று பிள்ளையின் வாயை அடைப்பது விடையாகாது. விடையைத் தேடி நாம் கெய்ரோவுக்கும் பக்தாதுக்கும் போக வேண்டிய தேவையும் இல்லை. நாம் குடியேறி வாழும் இந்தப் பெங்களூர் நகரமே இக்கேள்விக்கு ஒரு விடை வைத்திருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பிறகு வெளிநாடு செல்வோம்.

குதிரை வணிகரின் பேரன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரசீகத்தின் ஷீராஸ் நகரிலிருந்து குதிரை விற்க வந்த ஆகா அலி அஸ்கர் என்பார் இவ்வூரிலேயே தங்கிவிட்டார். அவர் பெயரால் இன்றும் ஒரு சாலை இங்கே உண்டு. பிழைப்புத் தேடி வந்தவர், வந்த ஊரையே சொந்த ஊராக்கிக் கொண்டார். நம் பாட்டன்மார் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தண்டுப் பகுதிக்கும் தங்கவயலுக்கும் வந்த கதையும் இதுவேயன்றோ?

அவருடைய பேரர் மிர்சா இஸ்மாயில் 1883இல் பெங்களூரில் பிறந்தார். நான்காம் கிருஷ்ணராஜ உடையாருடன் ஒன்றாகப் பயின்றார். 1905இல் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்றார். அரண்மனைச் செயலாளராக உயர்ந்து, 1926இல் மைசூர் சமஸ்தானத்தின் திவானானார். 1941 வரை அப்பதவியில் இருந்தார். அரசர் இந்து; குடிகளில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள்; முதல் அமைச்சரோ ஷியா முஸ்லிம். சாமுண்டியைக் குலதெய்வமாகக் கொண்ட அரசர், தம் அரசின் திறவுகோலை ஒரு முஸ்லிமிடம் ஒப்படைத்து உறங்கினார் என்பது சிறிய செய்தி அன்று.

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். மண்டியாவில் 1933இல் சர்க்கரை ஆலை எழுந்தது. பத்ராவதியில் காகித ஆலை தோன்றியது. கண்ணம்பாடி அணையின் கீழே பிருந்தாவனத் தோட்டம் மலர்ந்தது. 1935இல் பெங்களூர் நகர மண்டபம் முற்றுப்பெற்றது. விளக்குத் தொழிற்சாலை, பீங்கான் தொழிற்சாலை, சிற்றூர்களுக்கு மின்சாரம் எனப் பணிகள் தொடர்ந்தன. 1940இல் வால்சந்த் ஹீராசந்த் விமானத் தொழிற்சாலை தொடங்க முன்வந்தபோது மைசூர் அரசு நிலமும் முதலும் தந்து துணைநின்றது. அந்தத் தொழிற்சாலையின் சங்கொலி கேட்டு எழுந்து வேலைக்குச் சென்ற தமிழர் எத்தனை ஆயிரவர்! அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இந்த இதழை இன்று படித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே, “முஸ்லிம் ஒருவர் புதுமையைப் போற்ற இயலுமா?” என்று கேட்பவருக்கு, நகர மண்டபத்தின் படிகளில் சற்று நின்று யோசித்துப் பாருங்கள் என்று சொன்னால் போதும். முதற்பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் பிற்பாதி இன்னும் இருக்கிறது. புதுமை வந்தது சரி, ஒழுங்கு வந்ததா?

விளக்கு எரிந்தது; மனக்குறையும் எரிந்தது

1928 ஜூலையில் சுல்தான்பேட்டைப் பள்ளி ஒன்றிலிருந்த விநாயகர் சிலையை ஒட்டி எழுந்த பூசல், பெங்களூர் நகரில் இந்து முஸ்லிம் கலகமாக முற்றியது. திவான் முஸ்லிம் என்பதே அப்போது அவர்மீது குற்றமாகப் பேசப்பட்டது. முன்னாள் திவான் விசுவேசுவரையா தலைமையில் விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது.

பத்தாண்டுகள் கழிந்தன. 1938 ஏப்ரலில் மைசூர்க் காங்கிரஸார் சிவபுரத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றத் துணிந்தனர். அதே மாதம் 25ஆம் நாள் கௌரிபிதனூரை அடுத்த விதுராசுவத்தத்தில் கூடிய மக்கள்மீது காவலர் சுட்டனர், பலர் மாண்டனர். சர்தார் பட்டேல் பெங்களூருக்கு வந்து திவானோடு பேசி, சமஸ்தானக் கொடியோடு தேசியக் கொடியும் பறக்கலாம் என்ற உடன்பாடு கண்ட பின்னரே கொதிப்பு தணிந்தது.

இஃது ஏன் நேர்ந்தது? திவானுக்குத் திறமை இல்லையா? நிறைய இருந்தது. நல்லெண்ணம் இல்லையா? அதுவும் இருந்தது, மைசூரின் ஆட்சியைக் காந்தியடிகளே பாராட்டியிருக்கிறார். இல்லாதது ஒன்றுதான். மைசூரில் 1881 முதல் பிரதிநிதித்துவ சபை இருந்தது. 1907 முதல் சட்டசபையும் இருந்தது. ஆனால் அச்சபைகள் கேட்கலாம், குறை கூறலாம். ஆட்சியை மாற்ற இயலாது. திவான் பொறுப்புச் சொல்ல வேண்டியது மகாராஜாவுக்கு, சபைக்கு அன்று. ஆலையும் பள்ளியும் பத்திரிகையும் பெருகப் பெருக, “எங்களையும் கேட்டுச் செய்யுங்கள்” என்னும் குரலும் பெருகும். படிக்கக் கற்றுக்கொடுத்தவர், படித்தவன் கேள்வி கேட்பான் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். கேட்பதற்கு ஓர் இடத்தை அமைக்காமல் படிப்பை மட்டும் வளர்த்தால், கேள்வி தெருவுக்குத்தான் வரும்.

“அவர் முஸ்லிம் என்பதால்தான் இப்படி” என்று எவரேனும் கூறுவாராயின், அடுத்து நடந்ததை அவர் கவனிக்க வேண்டும். 1947 செப்டம்பரில் பொறுப்பாட்சி கேட்டு “மைசூர்ச் சலோ” கிளர்ச்சி மூண்டது. அப்போது திவான் யார்? நம் ஆர்க்காட்டு இராமசாமி முதலியார். இந்து, தமிழர், கற்றறிந்தவர், உலக அரங்குகளில் பெயர் பெற்றவர். அவரும் அதே சுவரில்தான் முட்டிக்கொண்டார். அக்டோபரில் கே. சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை அமைந்த பின்பே ஊர் அடங்கியது. முஸ்லிம் திவானுக்கு நேர்ந்தது இந்துத் திவானுக்கும் நேர்ந்தது என்றால், கோளாறு திவானின் சமயத்தில் இல்லை. திவான் அமர்ந்த நாற்காலியின் அமைப்பில் இருந்தது.

ஐதராபாத்தில் பத்து மாதம்

மிர்சா இஸ்மாயிலின் வாழ்வில் இன்னும் ஓர் அத்தியாயம் உண்டு. 1946இல் அவர் ஐதராபாத் நிஜாமின் பிரதம மந்திரியானார். அங்கே அரசர் முஸ்லிம். குடிகளில் பெரும்பாலோர் இந்துக்கள். இந்தியாவோடு இணக்கமாகப் போக வேண்டும் என்பது அவர் கருத்து. அதை மஜ்லிஸ் இத்திஹாதுல் முஸ்லிமீன் என்னும் கட்சி எதிர்த்தது. 1947 மே மாதத்தில் அவர் பதவி விலகினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இந்தியப் படை உள்ளே புகுந்தது. நிஜாமின் ஆட்சி முடிந்தது. இடையில் எளிய மக்கள் பட்ட துன்பத்துக்கு அளவில்லை.

அதே மனிதர்தாம். பெங்களூரில் சிலர் அவரை முஸ்லிம் என்று ஐயுற்றனர். ஐதராபாத்தில் சிலர் அவர் போதிய முஸ்லிம் அல்லர் என்று ஐயுற்றனர். நாட்டுப் பிரிவினையை அவர் ஏற்கவில்லை, பாகிஸ்தானுக்குச் செல்லவுமில்லை. 1959இல் தாம் பிறந்த பெங்களூரிலேயே கண்மூடினார். மனிதனைக் குடிமகனாகப் பாராமல் கூட்டத்தின் அடையாளமாக மட்டும் பார்க்கும் ஊரில், எவ்வளவு நல்லவனும் இரு புறமும் அடிபடும் மத்தளமே ஆவான்.

நெல்லையிலிருந்து வந்தவர்

இனி, இன்னோர் இஸ்மாயிலைப் பார்ப்போம். இவர் நம்மவர். 1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த முகம்மது இஸ்மாயில். காயிதே மில்லத் என்று தமிழகம் போற்றும் பெருமகனார். மிர்சாவைப் போல இவர் அணை கட்டவில்லை, ஆலை எழுப்பவில்லை. இவர் செய்தது வேறு.

பிரிவினைக்குப் பின் இந்திய முஸ்லிம்கள் திகைத்து நின்ற வேளையில், 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தொடங்கினார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி தொடர வேண்டும் என்று 1949 மே மாதத்தில் அச்சபையில் வாதாடினார். சபை ஏற்கவில்லை, முஸ்லிம் உறுப்பினர்களிலேயே சிலர் அதை மறுத்துப் பேசினர். அவர் தோற்றார்.

தோற்றவர் என்ன செய்தார் என்பதில்தான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. சபையை விட்டு ஓடவில்லை. கத்தியைத் தூக்கச் சொல்லவில்லை. எந்தப் பொதுத்தொகுதி முறையை எதிர்த்தாரோ, அதே முறையில் தேர்தலில் நின்றார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மலையாள நாட்டு மஞ்சேரித் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. ஆட்சிமொழி விவாதத்தில் தமிழின் தொன்மையையும் வளத்தையும் எடுத்துரைத்தவரும் அவரே. ஐந்து வேளைத் தொழுகை அவரைச் சட்டத்திலிருந்து விலக்கவில்லை. சட்டம் அவரைத் தொழுகையிலிருந்து விலக்கவில்லை. 1972இல் அவர் மறைந்தபோது கட்சி வேறுபாடின்றித் தமிழகம் கலங்கியது.

இதுவன்றோ அரசியல் ஒழுங்கு? ஒழுங்கு என்றால் எல்லாரும் வாய்மூடி இருப்பது அன்று. ஒருவன் தன் கருத்தைச் சொல்லவும், சொல்லித் தோற்கவும், தோற்ற பின்னும் மானத்தோடு குடிமகனாக நிற்கவும், அடுத்த முறை மீண்டும் வந்து கேட்கவும் இடமிருப்பதே ஒழுங்கு. முதல் இஸ்மாயில் நல்லாட்சி தந்தார். ஆனால் அவருடைய அமைப்பில் தோற்றவனுக்கு இடமில்லை. இரண்டாம் இஸ்மாயில் தோற்றார்; ஆனால் அவர் தோற்ற அமைப்பில் அவருக்கு இடமிருந்தது.

வெளியுலகம்

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இப்போது வெளியே செல்வோம். அலி அஸ்கர் பிறந்த ஈரானையே காண்க. அந்நாட்டார் 1906இலேயே அரசியல் சட்டமும் மன்றமும் கேட்டுப் பெற்றவர்கள். பின்வந்த ரேசா ஷா, 1936இல் பெண்களின் முகத்திரையைச் சட்டத்தால் தடைசெய்தார். அவர் மகன் 1963இல் நிலச் சீர்திருத்தம், பெண்களுக்கு வாக்குரிமை எனப் பல திட்டங்களை அறிவித்தார். சாலையும் ஆலையும் பெருகின, மன்றமோ பொம்மையானது, எதிர்த்துப் பேசியவர் சிறை புகுந்தார். பேசுவதற்கு மிஞ்சிய இடங்களுள் முதன்மையானது பள்ளிவாசல். 1979இல் புரட்சி எழுந்தபோது அது பள்ளிவாசலின் குரலில் எழுந்ததில் வியப்பென்ன? ஆனால் அதன்பின் வந்தோரும் பெண்களின் உடையைச் சட்டத்தாலேயே கட்டாயப்படுத்தினர். கழற்று என்று சொன்ன அதிகாரம் போய், போடு என்று சொல்லும் அதிகாரம் வந்தது. கேட்டுச் செய்யும் அதிகாரம் வரவில்லை.

துருக்கியில் கமால் அத்தாத்துர்க் 1924இல் கிலாபத்தை ஒழித்தார். 1928இல் எழுத்தையே மாற்றினார். 1950இல் மக்கள் வாக்கால் ஆட்சி மாறியது. ஆனால் 1960, 1971, 1980 ஆகிய ஆண்டுகளில் படைத்தலைவர்கள் குறுக்கே புகுந்தனர். உலகில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளுள் ஒன்றான இந்தோனேசியாவோ, சுகார்த்தோவின் நெடிய ஆட்சி 1998இல் வீழ்ந்தபின் மக்கள் வாக்கால் ஆட்சியை மாற்றக் கற்றுக்கொண்டது. 2004 முதல் அதிபரையும் மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கின்றனர். மூன்று நாடுகளிலும் பெரும்பாலோர் சமயம் ஒன்றே. அரசியலின் போக்கு மூன்று விதம். சமயமே காரணம் என்றால் விளைவும் ஒன்றாக இருந்திருக்க வேண்டாமா?

மறுபுறமும் பாருங்கள். பௌத்தம் தழைத்த பர்மாவில் 1962இல் படையினர் ஆட்சியைப் பறித்தனர். எழுத்தறிவில் ஆசியாவின் முன்னணியில் நின்ற இலங்கையில், 1956இன் தனிச் சிங்களச் சட்டம் தொடங்கி 1983இன் ஆடிக் கலவரம் வரை நம் இனத்தார் பட்டதை எடுத்துரைக்க வேண்டுமோ? புத்தர் பெருமான் மீது எவரேனும் பழி போடுவரோ?

இவ்வாறு கூறுவதனால், சமயத்தின் பெயரால் நடக்கும் கொடுமைகளை மூடி மறைக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. பெண்கல்வியைத் தடுப்பவரும், மாற்றுக் கருத்தினரைக் கொல்பவரும், தம் கொள்கைக்குத் திருமறையையே சான்று காட்டுகின்றனர். அவர்களுக்கு மறுமொழி சொல்வோரும் அதே மறையிலிருந்துதான் சொல்கின்றனர். கலந்தாலோசித்துச் செய்தல் என்னும் ‘ஷூரா’ நெறி அம்மறையிலேயே உள்ளது. நம் தமிழகத்தில் கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவில் பா. தாவூத்ஷா, ‘தாருல் இஸ்லாம்’ இதழின் வாயிலாகப் பல ஆண்டுகள் சீர்திருத்தம் பேசினார். மூடப் பழக்கத்தைச் சாடினார். வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியக் கல்லூரி எழுந்தது. 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னையில் நியூ கல்லூரியும் எழுந்தன. இவை யாவும் முஸ்லிம்கள் தாமே எடுத்த முயற்சிகள். ஒரு சமயத்துக்குள் பழமைக்கும் புதுமைக்கும் வழக்கு நடந்தால், அந்தச் சமயம் உயிரோடிருக்கிறது என்பது பொருள். அவ்வழக்கு அச்சமின்றி நடக்க இடந்தருவதே அரசின் கடமை.

நமக்கென்ன இதில்?

“இதெல்லாம் சரி, நம் சங்க இதழுக்கு இஃது எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கு இதில் சொந்தப் பங்கு உண்டு.

1991 டிசம்பரை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டி எழுந்த கலவரத்தில் இவ்வூர்த் தமிழர் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின, ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு எல்லை கடந்தனர். மூன்றாண்டு கழிந்தது. 1994 அக்டோபரில் பெங்களூர்த் தொலைக்காட்சியில் உருதுச் செய்தி ஒளிபரப்பானதை முன்னிட்டுக் கலகம் மூண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதலில் தமிழ் பேசியவன் அஞ்சினான். பிறகு உருது பேசியவன் அஞ்சினான். அப்போதும் இங்கே அறிவியல் கழகம் இருந்தது. விமானத் தொழிற்சாலை இருந்தது. கணிப்பொறித் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. புதுமை மட்டும் மனிதனைக் காக்கும் என்றால், அந்த இரவுகளில் நாம் கதவைத் தாழிட்டுக் குழந்தைகளைப் பேசாதே என்று அடக்கியிருக்க வேண்டியதில்லை.

நம்மைப் பிறகு காத்தது எது? காவிரி வழக்குத் தெருவிலிருந்து நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2018இல் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை, இரு மாநில அரசுகளும் அமர்ந்து பேசியதன் பயனாக 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. சில நாட்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு நெடியதுதான். ஆனால் கல்லெறிந்து திறந்த சிலை அன்று அது. இரு தரப்பாரும் பேசித் திறந்த சிலை. ஆகவே அது நிலைத்து நிற்கிறது.

பிற மொழி நாட்டில் சிறுபான்மையராய் வாழும் நமக்கு, நல்ல திவான் வாய்ப்பாரா என்று காத்திருப்பது காப்பு ஆகாது. எவர் ஆண்டாலும் எல்லார்க்கும் ஒன்றாய் நிற்கும் சட்டமே காப்பு. அந்தச் சட்டத்தை நாம் நமக்கு மட்டும் கேட்டால் அது கிடைக்காது. அடுத்த வீட்டு முஸ்லிமுக்கும் சேர்த்துக் கேட்டால்தான் கிடைக்கும்.

ஆகவே அல்சூர் அன்பருக்கு நம் வேண்டுகோள் இது. கூச்சப்பட வேண்டாம். அந்தப் பெரியவரை வீட்டுக்கு அழைத்து, மகனையும் அருகில் அமர்த்தி, இந்தக் கேள்வியை மரியாதையோடு அவரிடமே கேளுங்கள். “பாய், பையன் இப்படிக் கேட்கிறான், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்றால் அவர் வருந்தமாட்டார். தம் வீட்டிலும் இதே விவாதம் நடப்பதாக அவர் சொல்லக்கூடும். உங்களிடம் கேட்க அவருக்கும் ஒரு கேள்வி இருக்கக்கூடும். இருவரும் ஒத்துப்போகாவிட்டாலும் காப்பி ஆறுவதற்குள் பகை வந்துவிடாது.

நம் சங்கத்துக்கும் ஒரு சொல். அடுத்த பொதுக்குழுவில் எண்ணிக்கையில் தோற்கும் தரப்பினர், மறுநாளும் நூலகத்துக்கு வந்து நாளேடு படிக்கும்படி நாம் நடந்துகொள்கிறோமா? வென்றவர் அவருக்கு நாற்காலி தருகிறாரா? இதில் நாம் தேறினால், பிற நாட்டாரைப் பற்றிப் பேச நமக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. தேறாவிட்டால், அந்தப் பாடத்தை முதலில் இங்கே தொடங்குவோம்.

அன்பர்களின் மறுமொழிகள் வரவேற்கப்படுகின்றன. மறுத்து எழுதுவோருக்கு முதலிடம் உண்டு.